401 ஹைவேயில் மெள்ளப் போனதற்கு ரிக்கற்: காசைக் கட்டுவதா, எதிர்ப்பதா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"எனக்கு 54 வயது. ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் இருக்கிறேன். போன வருஷம்தான் ஜி2 (முழு லைசென்ஸுக்கு முந்திய, புதிய ஓட்டுநருக்கான லைசென்ஸ்) எடுத்தேன். ஏஜக்ஸில் பின்னேர ஷிஃப்ட் வேலை. முந்தி இவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவார், இப்போது நானே ஓடுகிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வரும்போது சின்னத் தூறல். பிக்கரிங்குக்குக் கிட்ட றோட்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில் எப்படியோ தூரம் போகிறவர்களுக்கான எக்ஸ்பிரஸ் பக்கம் போய்விட்டேன். பலகைகளை வாசித்துக்கொண்டு, நடு லேனில் 65 இல் வந்துகொண்டிருந்தேன். பின்னால் பொலிஸ் லைட். பதறிப்போய் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். ஒலிபெருக்கியில் ஏதோ கத்தினார்கள், பிறகுதான் கரைக்குப் போனேன். 'பயத்தில்தான் மெள்ள ஓடினேன்' என்று சொன்னேன். என்னை ஊதச் சொன்னார். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை நான். கடைசியில் 132ஆம் பிரிவென்று 110 டொலர் ரிக்கற். 100 க்கு மேல் ஓடக்கூடாது என்றுதானே பலகை போட்டிருக்கிறது, கீழே ஓடுவது எப்படிக் குற்றம்? மகன் காசைக் கட்டிவிட்டு விடு என்கிறான். இவர் இனி ஹைவேயே வேண்டாம் என்கிறார். இன்சூரன்ஸ் ஏறுமா? காரின் பின்னால் 'புதிய ஓட்டுநர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் உதவுமா?"

அக்கா, மற்றதெல்லாம் பிறகு கதைப்போம். முதலில் ரிக்கற்றை எடுத்துத் திகதியைப் பாருங்கள். அதை உங்கள் கையில் தந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நீங்கள் ஏதாவது ஒரு பதில் கொடுத்தாக வேண்டும். மூன்று வழிகள் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கும். காசைக் கட்டி முடிப்பது ஒன்று. அரச வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்பது இன்னொன்று. நேரே விசாரணை கேட்பது மூன்றாவது. ஒன்றும் செய்யாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டால், நீங்கள் எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று பதிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் காசு கட்டாவிட்டால் லைசென்ஸையே நிறுத்த வழியிருக்கிறது. எங்கள் சனத்தில் நிறையப் பேர் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே இந்த 15 நாளையும் தின்றுவிடுகிறார்கள்.

மகன் சொல்வது போல உடனே கட்டிவிட வேண்டாம். காசைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். 110 டொலரோடு விஷயம் முடிவதில்லை. உங்கள் ஓட்டுநர் பதிவில் ஒரு குற்றத்தீர்ப்பு ஏறும், அதோடு இரண்டு டிமெரிற் புள்ளியும் (குற்றத்துக்காகப் பதிவில் போடும் புள்ளி) வரும். புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் நிற்கும். ஜி2 காரருக்கு இரண்டு புள்ளி என்றால் போக்குவரத்து அமைச்சிடமிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். 9 புள்ளி சேர்ந்தால்தான் 60 நாள் நிறுத்துவார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் புள்ளி வரும் குற்றம் ஒன்றைச் செய்தால் புதிய ஓட்டுநருக்கு 30 நாள் தடை உண்டு, அதற்குள்ளும் உங்கள் ரிக்கற் வராது. அதனால் லைசென்ஸ் போய்விடுமோ என்று நித்திரை முழிக்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் வேறு கதை. கம்பனிகள் உங்கள் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. குற்றத்தீர்ப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், அதையும் வழக்கமாக மூன்று வருஷத்துக்குக் கணக்கில் எடுப்பார்கள். இது சிறு குற்றம் என்ற வகை. சில கம்பனிகள் முதல் தடவையைப் பெரிதாக எடுக்காது, சில ஏற்றும். உங்களைப் போல ஓட்டுநர் வரலாறு குறைவாக உள்ளவருக்கு ஏற்கெனவே கூடத்தான் கட்டுகிறீர்கள். அந்த மூன்று வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால் 110 டொலர் ஒன்றுமேயில்லை என்று ஆகலாம்.

இனி உங்கள் கேள்வி: 100 எல்லை என்றால் 65 எப்படிக் குற்றம்?

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 132ஆம் பிரிவு குறைந்தபட்ச வேகம் என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. பக்கத்து கியூபெக்கில் அப்படியில்லை. அங்கே ஓட்டோருட் என்கிற ஹைவேகளில் 60 க்குக் கீழே போகக்கூடாது என்று பலகையே நிற்கும். மொன்றியலுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். எங்களுடைய சட்டம் வேறு மாதிரி. போக்குவரத்தின் வழமையான, நியாயமான ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு மெள்ளப் போகக்கூடாது, ஆனால் நிலைமையைப் பார்த்துப் பாதுகாப்பாக ஓடுவதற்கு அந்த மெதுவேகம் தேவைப்பட்டால் பிழையில்லை என்பதுதான் அதன் சாரம். ஆக அது உங்கள் மீற்றரில் நின்ற 65 ஐ மட்டும் பார்க்கவில்லை. உங்களைச் சுற்றி மற்றவர்கள் எப்படிப் போனார்கள், நீங்கள் ஏன் அப்படிப் போனீர்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. இது 401 க்கு மட்டும் உரியதுமில்லை. நகரத்துக்குள் 60 எல்லை உள்ள றோட்டில் பின்னால் பத்துக் கார் நிற்க 25 இல் ஊர்ந்தாலும் இதே பிரிவுதான்.

ஜனவரியில் பனி கொட்டும்போது 401 இல் எல்லோரும் 50 இல் போவார்கள். ஒருவருக்கும் ரிக்கற் எழுதமாட்டார்கள். கரையில் பொலிஸ் வாகனமோ அம்புலன்ஸோ லைட்டோடு நின்றால், அதைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பதும், இடமிருந்தால் அடுத்த லேனுக்கு விலகுவதும் கட்டாயம். செய்யாவிட்டால்தான் குற்றம், அதற்குத் தண்டமும் பெரிது.

உங்கள் வழக்கில் நீங்கள் சொல்லக்கூடிய காரணம் இரண்டு. தூறல் என்பது ஒன்று. பாதை தெரியாமல் பலகை வாசித்தது மற்றது. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டும் பலம் குறைவு. அந்தத் தூறலில் மற்றவர்களும் 80 க்கு இறங்கியிருந்தால் நீங்கள் 65 இல் போனதைப் புரியவைக்கலாம். எல்லோரும் வழக்கம் போல 105, 110 இல் போயிருந்தால், மழை உங்களுக்கு மட்டுமா பெய்தது என்று கேட்பார்கள். பாதை தெரியாதது நடு லேனில் மெள்ளப் போவதற்குக் காரணமாகாது. அடுத்த வெளியேறும் வழியில் இறங்கித் திரும்பி வந்திருக்கலாம் என்பார்கள். மெள்ளப் போகத் தேவை இருந்தது என்று காட்டும் பொறுப்பும் உங்கள் பக்கம்தான் விழும். இன்னொன்று, பயத்தில் ஓடினேன் என்று நீங்கள் சொன்னதை அந்தப் பொலிஸ்காரர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பார்.

அதற்காகக் கட்டிவிடுங்கள் என்று சொல்லவில்லை. வழக்குத்தொடுநரைச் சந்திக்கும் வழியைத் தெரிவுசெய்யுங்கள். முன்னர் ஒரு குற்றமும் இல்லாதவர், பழகிக்கொண்டிருப்பவர், விபத்து எதுவும் நடக்கவில்லை என்றால், புள்ளி இல்லாத சிறிய குற்றமொன்றாக மாற்ற அவர்கள் சம்மதிக்கலாம். சம்மதிக்காமலும் விடலாம், நான் உறுதி சொல்ல முடியாது. அவர்கள் தருவது பிடிக்காவிட்டால் அதற்குப் பிறகும் விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விசாரணை என்று வந்தால் பொலிஸ்காரர் எழுதிய குறிப்பின் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஆங்கிலம் தடக்குமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்தில் எழுதுங்கள். நீதிமன்றமே இலவசமாக ஒழுங்குபண்ணும், வெட்கப்பட ஒன்றுமில்லை. மகனைப் பக்கத்தில் வைத்து மொழிபெயர்ப்பிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. நான் கார் பழக்குகிறவன், வழக்காடுகிறவன் அல்ல. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் உள்ள பாராலீகல் (இப்படியான சிறு வழக்குகளைப் பேச அனுமதி உள்ளவர்) ஒருவரிடம் ரிக்கற்றைக் காட்டி ஒருமுறை கேளுங்கள். உரிமம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஆளைத் தெரியும், வெட்டித் தாறன்" என்று கடைவாசலில் நிற்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

ஊதச் சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று விளங்குகிறது. ஆனால் அதில் உங்களைப் பற்றிய சந்தேகமே இருந்திருக்க வேண்டும் என்றில்லை. 2018 டிசம்பர் 18 இலிருந்து கனடா முழுவதும் சட்டம் மாறிவிட்டது. சட்டப்படி மறித்த எந்த ஓட்டுநரையும், குடித்த அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும், பொலிஸ் ஊதச் சொல்லலாம். மறுத்தால் அது ரிக்கற் அல்ல, குற்றவியல் குற்றம், முதல் தடவைக்கே ஆகக் குறைந்த தண்டம் 2,000 டொலர். நீங்கள் பேசாமல் ஊதியது சரி. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இரவில், தூறலில், நடு லேனில், காரணமில்லாமல் மெள்ளப் போகிற காரைக் கண்டால் பொலிஸுக்கு முதலில் வரும் எண்ணம் குடி, இல்லாவிட்டால் நித்திரை, இல்லாவிட்டால் வருத்தம். குடித்தவர் எல்லோரும் பறக்கமாட்டார். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் 60 இல் கவனமாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அவருடைய கவனமும் உங்களுடைய பயமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் திடுக்கிட வைத்தது 65 அல்ல. லைட்டைக் கண்டதும் "அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எக்ஸ்பிரஸின் நடு லேனில், இரவில், மழையில் ஒரு காரை நிறுத்துவதைவிட ஆபத்தான காரியம் குறைவு. பொலிஸ் கார் உங்கள் பின்னால் லைட்டோடு நின்றதால்தான் நீங்கள் இருவரும் தப்பினீர்கள். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். லைட்டைக் கண்டால் முதலில் வலது சிக்னலைப் போடுங்கள். நான் கண்டுவிட்டேன், நிற்கப் போகிறேன் என்று அது சொல்லிவிடும், அவர் அவசரப்படமாட்டார். பிறகு கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு லேனாக வலப்பக்கம் போங்கள். அரை நிமிஷம் எடுத்தாலும் பரவாயில்லை. வலக்கரையில் ஏறியபின் வெள்ளைக் கோட்டிலிருந்து நன்றாக விலகி நிறுத்துங்கள். முன்சீற்றுக்கு முன்னால் உள்ள சிறு பெட்டியைத் திறக்காதீர்கள், சீற் பெல்ற்றைக் கழற்றாதீர்கள், காரை விட்டு இறங்காதீர்கள். உள்லைட்டைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருங்கள். லைசென்ஸ், ஓணர்ஷிப், இன்சூரன்ஸ் துண்டு மூன்றையும் அவர் கேட்டபிறகு எடுக்கலாம். ஏன் மறித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். அதற்கு மேல் நீங்களாக விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

சரி, 65 க்கு வருவோம். மெள்ளப் போகிறவர்தான் விபத்துக்கெல்லாம் காரணம் என்று சில பெடியள் அடித்துச் சொல்வார்கள். டேவிட் சொலமன் என்பவர் 1964 இல் அமெரிக்கக் கிராமப்புற றோட்டுகளை வைத்துச் செய்த ஆய்வில்தான் அந்தக் கதை தொடங்கியது. சராசரி வேகத்தைவிட மிகக் கூடப் போகிறவருக்கும் மிகக் குறையப் போகிறவருக்கும் விபத்து அதிகம் என்று அவர் வரைந்த வளைவு காட்டியது. ஆனால் திரும்புவதற்காக வேகம் குறைத்த கார்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அவுஸ்திரேலியாவின் அடலேய்டில் செய்த பிந்திய ஆய்வுகள், மெள்ளப் போகிறவருக்கு அப்படி அபாயம் கூடியதாகக் காட்டவில்லை. வேகம்தான் ஆளைக் கொல்லும், அதில் மாற்றமில்லை. ஆகவே 120 இல் ஓடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உங்களுடைய இடத்தில் பிரச்சினை வேறு. ஒன்ராறியோவில் பெரிய ட்ரக்குகள் 105 க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் சட்டம் 2009 இலிருந்து இருக்கிறது. அதனால் ட்ரக்குகள் பெரும்பாலும் 100 க்கும் 105 க்கும் இடையில் வரும். நீங்கள் 65, அவர் 105 என்றால் ஒரு செக்கனுக்குப் பதினொரு மீற்றர் உங்களை நெருங்குகிறார். நூறு மீற்றர் இடைவெளி ஒன்பது செக்கனில் முடிந்துபோகும். இரவில் முன்னால் தெரிவது இரண்டு சிவப்பு லைட். அது 100 இல் போகிறதா 65 இல் போகிறதா என்று கண்டுபிடிக்கவே அந்த ஓட்டுநருக்கு நாலைந்து செக்கன் போய்விடும். பிரேக் லைட் எரிந்தாலாவது தெரியும். நீங்கள் பிரேக் அடிக்கவில்லை, ஒரே சீராக மெள்ளப் போனீர்கள். நடு லேனில் நிற்பதால் அவர் இடமோ வலமோ விலக வேண்டும், அங்கேயும் கார்கள். மெள்ளப் போகிறவர் வலக்கைப் பக்க லேனில் போகவேண்டும் என்று சட்டத்தில் 147ஆம் பிரிவு தனியாகச் சொல்வது இதற்காகத்தான். ஊரில் மெள்ளப் போகிற வாகனம் இடக்கைப் பக்கம் ஒதுங்கும். அதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு வலக்கரை கொஞ்சம் அந்நியம்தான். ஸ்டியரிங்கை முதன்முதல் இங்கேதான் பிடித்தவர்களிடமும் இதைக் காண்கிறேன்.

வலக்கரை லேனில் 90 க்கும் 100 க்கும் இடையில் போகிறவரை யாரும் மறிக்கமாட்டார்கள். பின்னால் வருகிறவர் லைட் அடித்தாலும் அது அவருடைய பிரச்சினை. எல்லோரும் 120 இல் போகிறார்கள் என்பதற்காக நீங்களும் போகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, அது கேட்பது நியாயமான ஓட்டத்தை. ஒரு ட்ரக்கின் பின்னால், மூன்று நாலு செக்கன் இடைவெளி விட்டு, அதே வேகத்தில் போவது புதியவருக்கு நல்ல இடம். முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது என்று பயப்படுவீர்கள். இடைவெளி விட்டால் அது பாதகமில்லை.

ஏன் 65 க்கு இறங்கியது என்றும் எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் ஐம்பது வயதுக்குப் பிறகு பழக வருகிற அக்காமாரில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். தொடக்கம் ராம்பில், அதாவது ஹைவேக்கு ஏறும் பாதையில். வளைவு முடிந்து நேரான பகுதி வந்ததும் காலை அழுத்தச் சொல்வேன். அழுத்துவார்கள். ஓட்டோமாற்றிக் கார் கியர் இறக்கும், இஞ்சின் ஒரு சத்தம் போட்டு இரையும். அந்தச் சத்தம் கேட்டதும் ஏதோ உடைந்துவிட்டது போல காலை எடுத்துவிடுவார்கள். கார் 70 இல் நிற்கும், லேன் முடிந்துகொண்டே வரும், பக்கத்தில் 105 இல் ட்ரக் வரும், பிரேக்கை அடிப்பார்கள். உள்ளே நுழைந்தபின்னும் அந்தப் பயம் காலிலேயே இருக்கும். பக்கத்தால் ஒரு ட்ரக் போனால் கார் லேசாக ஆடும், கால் தானாகத் தூக்கும். பலகை ஒன்று வந்தால் அதை வாசிக்கக் கால் தூக்கும். ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்தாகக் குறைந்து 65 இல் வந்து நிற்கும், தாங்கள் குறைத்தது அவர்களுக்கே தெரியாது.

இஞ்சின் இரைவது அதன் வேலை. ஒன்றும் உடையாது. யாழ்ப்பாணத்தில் ஓடத் தொடங்கின மினிபஸ்ஸில் ஏறுகிறவன் முதலில் பஸ்ஸோடு ஓடுவான், பிறகுதான் காலை வைப்பான். நின்றபடி கையை நீட்டினால் விழுந்துபோவான். ராம்பும் அதேதான். உள்ளே நுழையும்போது உங்கள் வேகம் 90, 95 ஆக இருக்கவேண்டும். அப்போது பக்கத்தில் உள்ள கார்கள் நின்றது போலத் தெரியும், இடைவெளியும் தெரியும். 65 இல் இடைவெளி தேடினால் ஒருநாளும் கிடைக்காது.

கண்ணையும் தூக்கவேண்டும். மெள்ள ஓடுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் பொனற்றுக்கு முன்னால் இருபது முப்பது மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு கிட்டப் பார்த்தால் றோட்டு பாய்ந்து வருவது போல இருக்கும், 80 கூடப் பறப்பது போல இருக்கும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் பாருங்கள், 100 அமைதியாகத் தெரியும். பழகும்போது இதைச் சொல்லிக் கொடுத்தவுடனேயே வேகம் தானாக ஏறுவதைக் காணலாம். காய்ந்த றோட்டில், போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரத்தில் குரூஸ் கொன்ட்ரோலை 95 இல் போட்டுப் பழகுங்கள். கால் களவாகத் தூக்குவது நின்றுவிடும். மழையிலும் ஸ்னோவிலும் அதைத் தொட வேண்டாம்.

இரவில் எதிரே வரும் லைட்டும் நனைந்த றோட்டின் மினுக்கமும் கண்ணைக் கூசவைத்து, அதனால் மெள்ளப் போகிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் பழக்கம் போதாது, கண் மருத்துவர் வேண்டும். சலரோகம் இருப்பவர்களுக்கு உங்கள் வயதிலும் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) காசு தருகிறது. நிறையப் பேர் போவதில்லை.

பாதைக்கு வருகிறேன். ஏஜக்ஸிலிருந்து மேற்கே வரும்போது பிக்கரிங்கில் எக்ஸ்பிரஸ், கலெக்டர்ஸ் என்று பிரியும். பச்சைப் பலகை எக்ஸ்பிரஸுக்கு, நீலப் பலகை கலெக்டர்ஸுக்கு. எழுத்தை வாசிக்கத் தேவையில்லை, நிறத்தைப் பாருங்கள். ஸ்காபரோவில் இறங்குகிறவருக்கு நீலம் போதும், எல்லா வெளியேறும் வழியும் அதில்தான் இருக்கிறது. பிரிவுக்கு நன்றாக முன்னரே வலப்பக்கம் வந்துவிடுங்கள். கலெக்டர்ஸில் ஆக வலக்கரை லேன் அடிக்கடி வெளியேறும் வழியாகவே முடியும், அதனால் வலமிருந்து இரண்டாவது லேன் நிம்மதி. தவறி எக்ஸ்பிரஸுக்குள் போய்விட்டால் போய்விட்டதுதான். மற்றவர்களோடு சேர்ந்து ஓடுங்கள், கலெக்டர்ஸுக்கு மாறும் வழி வரும், இல்லாவிட்டால் உங்கள் இடத்தைத் தாண்டி ஒரு வெளியேறும் வழியில் இறங்கித் திரும்பி வாருங்கள். பத்து நிமிஷம் பிந்தினால் வீட்டில் சோறு ஆறும், வேறொன்றும் நடக்காது.

உங்கள் கணவர் ஹைவேயே வேண்டாம் என்கிறார். ஆள் பயப்படுகிறார், அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அவரைப் பக்கத்து சீற்றில் வைத்துப் பழகாதீர்கள். "மெள்ள, மெள்ள" என்று ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால் அந்தக் கால் எப்படி அழுத்தும்? கிங்ஸ்ரன் றோட்டு ஏஜக்ஸ் வரைக்கும் போகிறது. மழை கொட்டுகிற இரவில், உடம்பு களைத்த இரவில் அதால் வாருங்கள், அது பின்வாங்குவது ஆகாது. ஆனால் எப்போதும் அதால் வருவதாக முடிவெடுத்தால் முழு ஜி சோதனையில் ஹைவே ஓட்டம் வரும்போது இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காய்ந்த நாளில், மார்க்கம் றோட்டில் ஏறி வெஸ்ற்னியில் இறங்குங்கள், திரும்பி வாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்குப் பிறகு தனியே போகலாம். காலியாக இருக்கும் என்று 407 ஹைவேயில் பழகச் சிலர் சொல்வார்கள். காலியான றோட்டில் எல்லோரும் இன்னும் வேகமாகத்தான் போவார்கள், பெரும்பகுதிக்குக் கட்டணமும் வேறு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்டிக்கர் ஒட்டலாம். ஒன்ராறியோவில் ஒட்டச் சொல்லிச் சட்டமில்லை, ஒட்டக்கூடாதென்றும் இல்லை. பின்கண்ணாடியால் நீங்கள் பார்ப்பதை மறைக்காமல், ட்ரங்க் மூடியில் ஒட்டுங்கள். நகரத்துக்குள் சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கிறவர் ஹோர்ன் அடிப்பது கொஞ்சம் குறையலாம். 401 இல் ஒருவரும் அதை வாசிக்கிற தூரத்தில் வரமாட்டார்கள், வந்தால் அது உங்களுக்கு நல்லதுமில்லை. 132ஆம் பிரிவுக்கு அது பதிலாகாது.